மண்ணின் ஈரமும் விண்ணின் சான்றும்



உலகில் உள்ள நீர் அனைத்தையும் ஒரு லட்சம் படி என்று வைத்துக்கொள்வோம். கடல் நீர், பனிப்பாறை, நிலத்தடி நீர், ஏரி, ஆறு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், மண்ணில் ஈரமாகத் தங்கியிருப்பது அதில் ஏறக்குறைய ஒரு படிதான் தேறும். இத்துணைச் சிறிய பங்கை நம்பியே மனிதன் விதைக்கிறான்; இதனை நம்பியே அறுவடையை எதிர்பார்க்கிறான். பயிரின் வேர் கடலைத் தேடிப் போவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண் துகள்களின் இடையே ஒட்டி நிற்கும் நீரையே உறிஞ்சுகிறது. அந்த நீர் வற்றிவிட்டால், தொலைவில் உள்ள அணை நிரம்பியிருந்தும் மானாவாரிப் பயிர் வாடத்தான் செய்யும். ஆகவே மண்ணில் எவ்வளவு ஈரம் உள்ளது, அந்த நிலம் எவ்வளவு சூடேறியுள்ளது என்னும் இரண்டையும் அறிவது உலகுக்கு இன்றியமையாதது. இவ்விரண்டையும் விண்ணிலே சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு அளந்தறியும் முறையைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

மண்ணின் ஈரத்தை அளக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. உழுத புழுதி ஒரு பலம் கால் பலமாகும் அளவுக்குக் காயவிட்டால் எருவின்றியே விளையும் என்று திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். காய்ச்சலை எடையினால் அளக்கும் கருத்து அங்கே இருப்பதைக் கவனியுங்கள். இன்றைய ஆய்வுக்கூடங்களில் கைக்கொள்ளும் முறையும் எடை முறைதான். ஈர மண்ணைத் தகரக் குப்பியில் எடுத்து நிறுத்துக்கொள்கிறார்கள். பின்பு அதனை 105 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் முழுதும் உலர வைத்து மீண்டும் நிறுக்கிறார்கள். 120 கிராம் மண் உலர்ந்தபின் 100 கிராம் ஆனால், வெளியேறிய நீர் 20 கிராம். எடையளவில் ஈரம் நூற்றுக்கு 20. மண்ணின் ஈரத்தைச் சொல்லும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இதுவே உரைகல்.

ஆனால் இம்முறையால் எத்தனை இடத்தில் அளக்க முடியும்? ஒரு வயலின் வாய்க்கால் ஓரத்தில் எடுத்த மண்ணும், அதே வயலின் மேட்டில் எடுத்த மண்ணும் ஒத்திரா. நாடு முழுவதும், அதுவும் சில நாட்களுக்கு ஒருமுறை, மண்ணை அள்ளி நிறுப்பது நடக்கக்கூடிய செயல் அன்று. மழைமானியும் நமக்கு முழு விடை தராது. பெய்தது எவ்வளவு என்று அது சொல்லும். தங்கியது எவ்வளவு என்று சொல்லாது. இக்குறையை நீக்கவே விஞ்ஞானிகள் விண்ணை நாடினார்கள்.

முதலில் வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாத இடத்தில், வெப்பமானி மேலும் ஏறியது. அவ்விடத்தில் வீழ்ந்த கதிரையே அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். சூரியன் மட்டுமன்றி, நம் உடலும், சுவரும், வயலும் தத்தம் வெப்பநிலைக்கேற்ப இக்கதிரை வீசிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1999இல் ஏவிய டெர்ரா, 2002இல் ஏவிய அக்வா என்னும் கோள்களில் அமைந்த மோடிஸ் என்ற கருவி, இக்கதிரை அளந்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சதுரம் ஒன்றுக்கு ஓர் அளவு என்ற வகையில் நிலத்தின் வெப்பநிலையைக் கணக்கிட்டுத் தந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். வானிலை அறிக்கையில் நாம் கேட்கும் வெப்பநிலை, நிழலில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழாக வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பநிலை. கோள் அளப்பதோ மண்ணின் தோலாகிய மேற்பரப்பின் வெப்பநிலை. கோடைப் பகலில் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு இவ்விரண்டும் வேறென்று சொல்லத் தேவையில்லை. ஈரான் நாட்டின் லூட் பாலைவனத்தில் 2005ஆம் ஆண்டில் மண்ணின் மேற்பரப்பு 70.7 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியதை மோடிஸ் கருவி காட்டியது.

வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் என்ன தொடர்பு? மண்பானையில் உள்ள நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்ற வினாவுக்கு விடை தெரிந்தவர்களுக்கு இதற்கும் விடை தெரியும். ஒரு கிராம் நீர் ஆவியாக வேண்டுமானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். ஈர நிலத்தில் வெயிலின் பெரும்பகுதி அந்த வேலையிலே செலவாகிவிடுகிறது. நிலம் அதிகமாகச் சூடேறுவதில்லை. உலர்ந்த நிலத்திலோ அந்தச் செலவு இல்லை. வெயில் முழுவதும் மண்ணைச் சுடுகிறது. மேலும், நீரைச் சூடாக்குவதைக் காட்டிலும் உலர்ந்த மண்ணைச் சூடாக்குவது எளிது. ஆதலின் உலர் நிலம் பகலில் விரைந்து கொதிக்கிறது. இரவில் விரைந்து குளிர்கிறது. பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருந்தால் அங்கே ஈரம் குறைவு என்று ஊகிக்கலாம்.

எனினும் இந்தச் சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூற இயலாது. அகச்சிவப்புக் கதிர் மேகத்தை ஊடுருவி வராது. மழைக்காலத்தில், உழவனுக்கு ஈரத்தின் கணக்கு மிகவும் வேண்டியிருக்கும் நாட்களில், இந்தக் கண் பெரும்பாலும் மூடிக்கொண்டுவிடும். அன்றியும், காற்றின் வேகம், பயிரின் அடர்த்தி, மண்ணின் நிறம் ஆகியவையும் நிலத்தின் சூட்டை மாற்றுகின்றன.

அடுத்த சாட்சி நுண்ணலை. வானொலியில் என் குரலைச் சுமந்து வருகிற அலைக்கும் இதற்கும் உறவு உண்டு. இரண்டும் ரேடியோ அலைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மண் அகச்சிவப்புக் கதிரை வீசுவது போலவே மிக மெலிந்த நுண்ணலையையும் தானே வீசுகிறது. அதை அளக்கும் கருவிக்கு ரேடியோமீட்டர் என்று பெயர். நீரின் மின் இயல்பு உலர்ந்த மண்ணின் மின் இயல்பினின்றும் மிகவும் வேறுபட்டது. அவ்வியல்பைக் குறிக்கும் எண் உலர்ந்த மண்ணுக்கு ஏறத்தாழ 4, நீருக்கு 80. ஆகையால் மண்ணில் நீர் சேரச் சேர, அது வீசும் நுண்ணலை குறைகிறது. அத்துடன், நீண்ட அலையானால் மேகம் தடுப்பதில்லை. ஓரளவு பயிரும் தடுப்பதில்லை.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009 நவம்பர் 2ஆம் நாள் ஏவிய ஸ்மோஸ் என்னும் கோள் இந்த அடிப்படையில் அமைந்தது. 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை அது கவனித்தது. மூன்று கைகளை விரித்தாற்போன்ற சட்டத்தில் 69 சிறிய ஏற்பிகளைப் பொருத்தி, மேற்புறத்து மண்ணின் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்து ஈரத்தை அது அளந்தது. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இவ்வலைவரிசையில் எவரும் ஒலிபரப்பக் கூடாது என்பது பன்னாட்டு உடன்பாடு. ஆயினும் ஸ்மோஸ் மேலே சென்று பார்த்தபோது பல நாடுகளில் அவ்விதி மீறப்பட்டிருப்பது வெளியாயிற்று. மண்ணின் மெல்லிய குரலைக் கேட்கப் போன இடத்தில் மனிதனின் இரைச்சல் குறுக்கே நின்றது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். மண் வீசும் நுண்ணலையின் அளவு இரண்டு காரணங்களைப் பொறுத்தது. ஒன்று, அதன் ஈரம். மற்றொன்று, அதன் வெப்பநிலை. ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். 27 டிகிரி செல்சியஸ் என்பது கெல்வின் அளவில் 300. முழு ஆற்றலுடன் வீசும் பொருளுக்கு 1 என்று எண் கொடுத்தால், உலர்ந்த மண்ணுக்கு 0.95, நன்கு நனைந்த மண்ணுக்கு 0.6 என்ற அளவில் வரும். 300 கெல்வினில் உள்ள உலர்ந்த மண், கருவிக்கு 285 ஆகத் தோன்றும்; நனைந்த மண் 180 ஆகத் தோன்றும். இப்போது கருவி 240 என்று காட்டுகிறது என்க. மண்ணின் வெப்பநிலை 300 ஆனால் அதன் எண் 0.80. வெப்பநிலையை 290 என்று தவறாகக் கொண்டால் எண் 0.83 ஆகிவிடும், அஃதாவது, மண் உள்ளதைவிட உலர்ந்ததாகத் தோன்றும். எனவே, வெப்பம் தெரியாமல் ஈரத்தைச் சொல்ல முடியாது. ஈரம் தெரிந்தால், வெப்பம் ஏன் ஏறிற்று என்பதும் விளங்கும். ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகிறது. இக்காரணத்தால் ஈரத்தை அளக்கும் கோள்கள் காலை ஆறு மணி அளவில் நிலத்தைக் கடக்குமாறு அமைக்கப்பட்டன. விடியற்காலையில் மண், பயிர், அவற்றை ஒட்டிய காற்று ஆகியவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாயிருக்கும். பிழைக்கு இடம் குறைவு.

நுண்ணலைச் சாட்சிக்கும் ஒரு பெருங்குறை உண்டு. அது பரந்த நிலத்துக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் தரும். 36 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு 1296 சதுர கிலோமீட்டர். அதனுள் ஆற்றுப் பாசன வயலும் இருக்கும். காய்ந்த மேட்டுக் காடும் இருக்கும். நான் நெடுங்காலம் மதிப்பெண் பட்டியல்களைப் பார்த்தவன். வகுப்பின் சராசரி 50 என்று மட்டும் ஒருவர் எழுதி அனுப்பினால், அவ்வகுப்பில் தோற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் யார் என்று எங்ஙனம் அறிவது? சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் தோற்றவனை மறைத்துவிடும். அதுபோலவே, கட்டத்தின் சராசரி ஈரம் போதுமானதாக இருக்கும்போது, அதனுள் ஒரு மூலையில் உள்ள சிற்றூர் வறட்சியில் வாடலாம். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அவ்வூர் கண்ணில் படாது.

இக்குறையைத் தீர்க்கவே நாசா 2015 ஜனவரி 31ஆம் நாள் ஸ்மேப் என்னும் கோளை ஏவியது. ஆறு மீட்டர் அகலமுள்ள வலைபோன்ற தட்டு ஒன்று அதன் தலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை சுழன்றது. அதில் இரண்டு கருவிகள் இருந்தன. ரேடியோமீட்டர், மண் தானாக வீசுவதை ஏற்றுக்கொள்வது. ரேடார், தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளப்பது. ரேடியோமீட்டரின் எண் நம்பத்தக்கது, ஆனால் பரந்த பரப்புக்குரியது. ரேடார் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையுள்ள சிறு பரப்பையும் பிரித்துக் காட்டும். ஆனால் மண்ணின் கரடுமுரடும் பயிரின் இலையும் தண்டும் அதைக் குழப்பும். வகுப்பு உவமையிலேயே சொல்வதானால், ஒருவர் சராசரியைச் சரியாகச் சொல்கிறார். மற்றொருவர் யார் மேலே, யார் கீழே என்று சொல்கிறார். இருவர் சொல்லையும் சேர்த்தால் ஒவ்வொரு மாணவனின் நிலையையும் ஓரளவு அறியலாம். இவ்வாறு இரண்டையும் இணைத்து 9 கிலோமீட்டர்க் கட்டங்களுக்கு ஈர அளவு தருவதே அத்திட்டத்தின் நோக்கம்.

நடந்தது வேறு. கோள் மேலே சென்ற ஆறாம் மாதத்திலேயே, 2015 ஜூலை 7ஆம் நாள், ரேடார் ஓய்ந்துவிட்டது. அதை மீட்க இயலாது என்று செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் நாசா அறிவித்தது. பல ஆண்டு உழைப்பு பாதியாகக் குறைந்தது. ஆயினும் விஞ்ஞானிகள் கைகட்டி இருந்துவிடவில்லை. ஐரோப்பியர் 2014இலும் 2016இலும் ஏவிய சென்டினல்-1 என்ற இரட்டைக் கோள்களில் வேறொரு ரேடார் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் அலை ஸ்மேப்பின் அலையைவிடக் குறுகியது. அதன் பாதையும் வேறு. இருந்தும், இரு கோள்களும் கூடுமானவரை நெருங்கிய காலத்தில் ஒரே இடத்தைக் கடக்கும் நேரங்களைத் தேர்ந்தெடுத்து, அமெரிக்க ரேடியோமீட்டரின் அளவையும் ஐரோப்பிய ரேடாரின் அளவையும் இணைத்து, மூன்று கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் அளவுள்ள ஈரப் படங்களை உருவாக்கினார்கள். இதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்மேப் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்கும் நிலத்தைச் சென்டினல் மீண்டும் பார்க்கப் பன்னிரண்டு நாள் வரை ஆகும். நுட்பம் கூடியது, அடிக்கடி பார்க்கும் வசதி குறைந்தது.

மற்றொரு வழியும் உண்டு. மோடிஸ் தரும் ஒரு கிலோமீட்டர் வெப்பப் படத்தையும், பயிரின் பசுமைப் படத்தையும், ஸ்மோஸ் தரும் பரந்த ஈர எண்ணையும் ஒன்று சேர்ப்பது. ஒரே அளவு பசுமையுள்ள இரண்டு இடங்களில், எது அதிகமாகச் சூடேறியுள்ளதோ அது ஈரம் குறைந்தது என்பதே இதன் அடிப்படை. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்து ஆய்வாளர்கள் இம்முறையில் ஒரு கிலோமீட்டர் ஈரப் படங்களை ஆக்கியுள்ளனர். மேகம் சூழ்ந்த நாளில் இவ்வழி அடைபட்டுவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இடத்தால் இணைப்பது போலவே காலத்தாலும் இணைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கோளின் ஆயுள் சில ஆண்டுகள். ஒரு நாட்டின் பருவநிலை மாறுவதை அறியவோ பல பத்தாண்டுகளின் கணக்கு வேண்டும். 1978இல் ஏவிய நிம்பஸ்-7 தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியக் கோள்களின் அளவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொணர்ந்து, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2012இல் ஒரு நெடுங்கணக்கை வெளியிட்டது. அக்கணக்கு பின்னரும் நீட்டி எழுதப்பட்டு வந்திருக்கிறது.

நம் நாட்டின் பங்கையும் குறிப்பிட வேண்டும். 2022 பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இ.ஓ.எஸ்-04 என்ற ரேடார்க் கோளின் துணையால் 500 மீட்டர் அளவில் ஈரப் படங்கள் கிடைத்தன. நாசாவும் நம் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்த நிசார், 2025 ஜூலை 30ஆம் நாள் அதே இடத்திலிருந்து ஏவப்பட்டது. 12 மீட்டர் அகலத் தட்டும், இருவேறு அலைநீளங்களில் இயங்கும் ரேடாரும் உடையது அது. இந்த அளவுகள் ஏட்டோடு நிற்பவை அல்ல. நடுவண் வேளாண்மை அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, ஒரு பகுதியில் வறட்சி உண்டா என்று தீர்மானிக்கப் பார்க்க வேண்டிய அடையாளங்களுள் மண்ணின் ஈரத்தையும், கோள்கள் காட்டும் பயிர் நிலையையும் சேர்த்திருக்கிறது. ஓர் எண் சரியா, தவறா என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடும் செய்தியாகிவிட்டது.

ஆதலின் எண்ணைப் படிக்கும்போது விழிப்பு வேண்டும். கன அளவில் நூற்றுக்கு 20 பங்கு ஈரம் என்று படம் காட்டுகிறது என்போம். மணற்பாங்கான நிலத்தில் அது செழிப்பு, பயிர் மகிழ்ந்திருக்கும். களி மிகுந்த கரிசலில் அதே 20 பங்கு ஈரத்தில் பயிர் தலைசாயும். களிமண் நீரை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. மேலும், கோள் பார்ப்பது மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைத்தான். வேர் அதற்குக் கீழே போகிறது. மழை, வெயில், காற்று ஆகியவற்றின் கணக்கோடு கோளின் அளவைச் சேர்த்தே ஒரு மீட்டர் ஆழம் வரையுள்ள ஈரத்தை மதிப்பிடுகிறார்கள். அடர்ந்த காட்டின் கீழுள்ள மண்ணைப் பற்றி இந்தச் சாட்சிகள் தெளிவாகப் பேசுவதில்லை.

எல்லாச் சாட்சியும் கடைசியில் மண்ணிடமே வந்து நிற்க வேண்டும். ஸ்மேப் கோளின் அளவுகளைச் சரிபார்க்க அமெரிக்காவின் ஓக்லஹோமா, அரிசோனா மாநிலங்களின் ஆய்வு நிலங்களில் மண்ணில் புதைத்த கருவிகள் பயன்பட்டன. 1995இல் தொடங்கிய குளோப் என்னும் பன்னாட்டுப் பள்ளித் திட்டத்தைச் சேர்ந்த மாணவர்களும், தம் பள்ளியருகே மண்ணை எடுத்து, நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுத்து, கணக்கை அனுப்பினார்கள். அவர்களுடைய தகரக் குப்பியும் தராசும் 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோளுக்குத் துணை நின்றன.

நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு தகரக் குப்பி, ஒரு தராசு, ஒரு வெப்பமானி இவை போதும். ஆசிரியரின் துணையோடு பள்ளித் தோட்டத்தில் மரநிழலில் ஓர் இடம், வெட்டவெளியில் ஓர் இடம், தண்ணீர்க் குழாய்க்கு அருகில் ஓர் இடம் என மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், மேல் 5 சென்டிமீட்டர் மண்ணின் ஈரத்தையும் அதன் சூட்டையும் அளந்து எழுதி வாருங்கள். மழை பெய்த மறுநாள் மூன்றும் ஒத்திருக்கும். பத்தாம் நாள் மூன்றும் பிரிந்து நிற்கும். பிறகு மூன்றின் சராசரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த எண் மூன்று இடங்களில் எதற்கும் பொருந்தாமல் இருப்பதைக் காண்பீர்கள். ஒரு மாவட்டத்துக்கு ஓர் எண் என்று எங்கேனும் படிக்கும்போது, அதற்குள் எத்தனை மேடும் பள்ளமும் அடங்கியிருக்கும் என்று கேட்க அப்பொழுது உங்களுக்குத் தோன்றும். அவ்வாறு கேட்கத் தெரிந்தவர்கள் நாளை அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அமர்ந்தால், வறண்ட ஊர் ஒன்றும் சராசரிக்குள் மறைந்து போகாது.